கதிரை கேட்டு நின்ற திலகவதி ரீச்சர்

அன்று காலைக் குளிசையை விழுங்கிவிட்டு யன்னலோரம் இருந்தேன். போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. முந்தியென்றால் மகள் வேலையால் வரும்வரை அதை அப்படியே வைத்திருப்பேன். இப்போது நானே வாசிக்கிறேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசிக்கிறேன். ‘திலகவதி’ என்று வந்ததும் எனக்குச் சந்தோஷம். ரீச்சர்தான் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். நான் வாசிப்பை விட்டுவிடவில்லையே என்று பார்ப்பதற்காக அவர் இடைக்கிடை ஒரு வசனம் அனுப்புவார். ஆகவே பிழைவிடக் கூடாதென்று ஆறுதலாக அடுத்த சொல்லுக்குப் போனேன். ‘காலமானார்’ என்று இருந்தது.

பிழையாக வாசித்துவிட்டேன் என்று நினைத்து, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாம் முறையும் அப்படியேதான் இருந்தது.

எண்பத்தொரு வயதுக்குள் எத்தனையோ மரணச் செய்திகளைக் கேட்டிருக்கிறேன். யாரும் சொல்லாமல் நானே வாசித்து அறிந்த முதல் மரணம் ரீச்சருடையது.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், மில்லிக்கனில் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிற எங்கள் முதியோர் கூட்டத்தில் உங்களில் பலர் அவரைக் கண்டிருப்பீர்கள். திருகோணமலையில் வரலாறு படிப்பித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். கோபக்காரி. பகிடி விடத் தெரியாது. பிந்தி வருபவர்களைக் கதவு திறக்கும்போதே ஒரு பார்வை பார்ப்பார். தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நோய்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். அவர் எழுந்து, இந்தியாவில் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சனங்கள் வெறுங்கையோடு நின்ற கதைகளைச் சொல்லுவார்.

வேதாரணியத்தில் உப்பு அள்ளப் போனவர்களின் கதையை முதலில் கேட்டபோது நான் நிமிர்ந்து இருந்தேன். மயிலிட்டிக் கடலில் மீன்பிடித் தொழில் செய்த எனக்கு எதிரே இருக்கும் அந்தக் கரை தெரியும். நடந்து போகிறவர்களுக்கு ஒருவரும் சோறு கொடுக்கக் கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டர் கட்டளை போட்டானாம். ஊர்ச் சனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்களாம். யார் தொங்கவிட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு முடிவெட்டுகிறவர், தனக்கு முன்னால் இருப்பவன் பொலிஸ்காரன் என்று அறிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

எங்கள் கூட்டத்தில் சின்னராசா என்று ஒருவர் இருக்கிறார். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார். “ரீச்சர், உந்த அகிம்சைக் கதையை எங்களுக்குச் சொல்லாதேங்கோ. எங்கட பெரியவையும் ஒருகாலம் சத்தியாக்கிரகம் இருந்து பாத்தவைதானே. அடிச்சுக் கலைச்சவங்கள்” என்றார்.

 எங்களில் அடிபடாத குடும்பம் எது?

“ஓம், அது தோத்தது” என்றார் ரீச்சர். “வெண்டதால சரியெண்டும் தோத்ததால பிழையெண்டும் நான் படிப்பிக்கிறதில்லை. இன்னொண்டு கேளுங்கோ. அந்த நாளில சீமைத்துணிக் கடைக்கு முன்னால கைகூப்பிக்கொண்டு நிண்டவை. கடைக்காரன் ஆரெண்டு நினைக்கிறியள்? வெள்ளைக்காரனோ? இல்லை. பக்கத்து வீட்டுக்காரன். தாய்மாமன். வெள்ளைக்காரனுக்கு முன்னால நிக்கிறது ஒருவிதத்தில சுகம். சொந்தக்காரன்ர கடைக்கு முன்னால நிக்கிறதுதான் கஷ்டம்.”

அந்தக் கஷ்டம் எனக்கு வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீல்ஸ் வீதிக்குப் பக்கத்துப் பிளாசா ஒன்றில் என் மருமகன் நேசன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். மீனும் உண்டு. அங்கே காசு வாங்கும் இடத்தில் புஷ்பம் வேலை செய்தாள். அறுபது வயது. எங்கள் தேவாலயத்துக்கு வருபவள். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், பூசையில் முழந்தாளிட முடியாமல் கடைசி இருக்கை வாங்கில் ஒதுங்கி நிற்பாள். அவள் நேசனிடம் இருப்பதற்கு ஒரு கதிரை கேட்டாள். “இருந்துகொண்டு காசு வாங்கினா ஆக்களுக்கு என்ன மரியாதை, அக்கா?” என்று அவன் மறுத்துவிட்டான். இரண்டாம் முறையும் கேட்டாள். கிழமைக்கு ஐந்து நாள் வேலை இரண்டு நாளானது.

இது செவ்வாய்க் கூட்டத்துக்கு வந்தது. கதிரை கொடுக்கும்வரை அந்தக் கடையில் சாமான் வாங்குவதில்லை, காலையில் கடைக்கு முன்னால் நிற்பது என்று முடிவானது. ரீச்சர் நிபந்தனைகள் வைத்தார். வாசலை மறிக்கக் கூடாது. உள்ளே போகிறவர்களை நக்கலடிக்கக் கூடாது. கடைக்காரர் வரும்போது வணக்கம் சொல்லவேண்டும். அட்டைகளில் கடையின் பெயரோ ஆளின் பெயரோ இருக்கக் கூடாது.

“அப்ப என்னத்துக்கு நிக்கிறம்? போனில ஒரு வீடியோ எடுத்து நாலு பேச்சுப் பேசிப் போட்டா ஒரு நாளில கடை காலி” என்றார் சின்னராசா.

“கடை காலியானா புஷ்பம் கதிரையை எங்க போடுறது?” என்று கேட்டார் ரீச்சர்.

கூட்டம் கலைந்த பின் அவர் என்னிடம் வந்தார். “அண்ணை, அது உங்கட மருமகன்ர கடை. நீங்கள் இருக்கிறது அவரோட. நீங்கள் வரவேண்டாம். ஆரும் பிழையா நினைக்கமாட்டினம்.”

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். நின்றபடிதான் கழுவினேன். “வந்து பாக்கிறன் ரீச்சர்” என்றேன். பார்ப்பது மட்டும்தான் என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது ஸ்ரௌவ்வில்லில். புது வீடுகள். கார் இல்லாமல் ஒரு பாண் வாங்கவும் போக முடியாது. ஆகவே முதல்நாள் நான் மறியலுக்குப் போனது மருமகனின் காரில்தான். கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லி ஏறினேன்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் அட்டை. நான் மட்டும் வெறுங்கையோடு நின்றேன். வெட்கமாக இருந்தது. சுவரில் ஓர் அட்டை சாய்ந்திருந்தது, சிவப்பு எழுத்தில். அதை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். பார்க்க வந்தவன் என்பதை மறந்துவிட்டேன். நேசன் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துப் பெருவிரலை உயர்த்தினான். இவன் நல்ல பிள்ளை, கோபிக்கவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு பெண் வந்து, “அங்கிள், விளைமீன் இண்டைக்கு வந்ததோ?” என்று கேட்டாள். “உள்ளுக்குப் பாரும் பிள்ளை” என்றேன். இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவர்களையும் உள்ளே அனுப்பினேன்.

ரீச்சர் வரிசையின் மற்றத் தொங்கலிலிருந்து மெல்ல நடந்து வந்தார். “அண்ணை, ஒருக்கா இஞ்சால வாங்கோ.” குப்பைத் தொட்டிகள் வைக்கும் மூலைக்குக் கூட்டிப்போனார். “உதில என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்தனீங்களோ?”

“கண்ணாடி கொண்டுவரேல்லை ரீச்சர்” என்றேன். எழுத்து என்று ஒன்று வந்தால் எப்போதும் நான் சொல்லும் பதில் அது. மனைவிக்குக்கூடக் கலியாணமாகி நாலு வருடத்துக்குப் பிறகுதான் தெரியும்.

கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

ரீச்சர் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓம், இந்தக் குளிருக்குக் கண்ணாடியில பனிப்புகார் பிடிக்கும்தான்” என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். “‘இன்று விளைமீன் மலிவு.’ இது கடைக்காரரின்ர அட்டை.” தன் கையிலிருந்ததைக் காட்டினார். “‘அவருக்கு ஒரு கதிரை கொடுங்கள்.’ இது எங்கட. எதைப் பிடிக்கிறதெண்டு நீங்கள்தான் பாக்கோணும், அண்ணை. ஒண்டும் பிடிக்காமல் வீட்டை போனாலும் நான் உங்களோட கதைப்பன்.”

நான் அவருடைய அட்டையை வாங்கினேன். அவர் விளைமீன் அட்டையைத் தானே கடைக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, தவறுதலாக எடுபட்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது நானே எழுதுவதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. சின்னராசா சிரிப்பார். சிரிக்கட்டும்.

பின்னேரம் அதே காரில் வீட்டுக்குத் திரும்பினோம். நேசன் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தான். பிறகு, “மாமா, என்ன பகிடியோ? முதல்ல என்ர அட்டை, பிறகு அவையின்ர அட்டை” என்றான்.

“முதல்ல பிடிச்சது தெரியாமல் பிடிச்சது, தம்பி. பிறகு பிடிச்சது தெரிஞ்சு பிடிச்சது.”

அவன் வானொலியைப் போட்டான்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் இப்படித்தான். கடைக்காரனும் கடைக்கு முன்னால் நிற்பவனும் ஒரே காரில் போனோம். சூடு என் பக்கம் வருகிறதா என்று அவன் பார்ப்பான். பிளாசாவில் இறங்கியதும் அவன் கதவைத் திறக்கப் போவான், நான் அட்டையை எடுப்பேன். “வணக்கம்” என்று பதின்மூன்று பேரோடு நானும் சொல்லுவேன். அவனுக்கு அதுதான் பெரிய எரிச்சல். “ஏசினாலும் பரவாயில்லை மாமா, இந்த வணக்கத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்று ஒருநாள் சொன்னான்.

அவனும் கெட்டவன் இல்லை. விடியமுன் எழும்பி வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டுக்கடன் இருக்கிறது. ஒருவருக்குக் கதிரை கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் எல்லாம் கேட்பார்கள் என்று பயந்தான்.

வீட்டுச் சோற்றை நான் தள்ளிவைத்தேன். அரிசி அவன் கடை அரிசி. இரண்டு நாள் வெறும் தேத்தண்ணியோடு படுத்தேன். மகள் றெஜினா சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். ரீச்சரிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவருடைய கோபத்தை முழுதாகப் பார்த்தேன்.

“ஆர் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? மகளை அழவைச்சு மருமகனை மடக்கிறது அகிம்சை இல்லை, அண்ணை. அது வெருட்டு. போய்ச் சாப்பிடுங்கோ.”

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் வேதாரணியக் கதையைச் சொன்னேன். வேறு எதைக் கதைத்தாலும் சண்டையில் முடியும் என்பதால் சொன்னேன். மரத்தில் தொங்கிய சோற்றுப் பொட்டலங்களைப் பற்றிச் சொன்னபோது நேசன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். றெஜினா கோப்பை கழுவிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நாலைந்து நாள் கழித்து, கார்கள் நிறுத்தும் இடத்தில் இலையில்லாமல் நிற்கும் சின்ன மரத்தில் ஒரு பை தொங்கியது. உள்ளே சூடான றோல்ஸும் பெரிய போத்தலில் தேத்தண்ணியும். எனக்கு அந்தப் போத்தலைத் தெரியும், எங்கள் குசினியில் இருப்பது. மூடியில் ஒரு வெடிப்பு. கண்ணைத் துடைத்தேன்.

“இது பகிஷ்கரிப்போ பிக்னிக்கோ?” என்று சின்னராசா இரண்டு றோல்ஸை எடுத்தார். “ஆர் வைச்சது?”

ரீச்சர் பையைப் பார்த்தபடியே நின்றார். “கேளாதேங்கோ. அங்கயும் ஆரும் கேக்கேல்லை” என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “பாடம் சொன்னது நான். சோதனை எழுதிறது வேற ஆரோ” என்றார்.

நல்ல கதைபோல இருக்கிறது, என்ன? ஆனால் நாட்கள் போகப் போக அது அலுப்பு மட்டும்தான். குளிர் கூடியது. ஒருவருக்கு நெஞ்சுச் சளி. ஒருவரை மகன் மறித்துவிட்டான். பதினான்கு பேர் ஒன்பதாகி, ஐந்தாகி, பிறகு எண்ணத் தேவையில்லாமல் போய்விட்டது. சனங்கள் எங்களைக் கடந்து உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்தார்கள். ஒருவரும் எங்களோடு சண்டைக்குக்கூட வரவில்லை. ரீச்சருக்கு இடுப்பு நோ. ஆனாலும் புஷ்பம் உள்ளே நிற்கும்வரை தான் வெளியே கதிரை போட்டு இருக்கமாட்டேன் என்று ஒரு பிடிவாதம். “அடி வாங்கினவையைப் பற்றிப் புத்தகத்தில இருக்கு, அண்ணை. கால் உளைய நிண்டவையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. அவைதான் கனபேர்” என்பார்.

ஒரு நாள் மழையும் பனியும் சேர்ந்து அடித்தது. நானும் ரீச்சரும் மட்டும். எனக்கு எல்லாம் வெறுத்துப்போனது. ஊரில் அலைந்ததும், முகாமில் நின்றதும், குசினியில் நின்றதும், இப்போது இங்கே நிற்பதும். “விடுவமே ரீச்சர்?” என்று கேட்டேன்.

“எனக்கும் அலுப்பாத்தான் கிடக்கு” என்றார். அவருடைய உதடு நீலமாக இருந்தது. “அலுப்போடயே நிப்பம். அலுப்பில்லாமல் நிக்கிறதெண்டா அது ஆருக்கும் ஏலும்.”

அன்றைக்குக் காரில் நேசன் கேட்டான்: “கால் உளையேல்லையோ மாமா?”

“உளையுது.”

அவன் காரின் சூட்டைக் கூட்டினான். அடுத்தநாள் காலை கடையைத் திறந்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கதிரையோடு வெளியே வந்தான். மெத்தை வைத்த நல்ல கதிரை. அவன் கணக்குப் பார்க்கும் அறையில் தான் இருக்கும் கதிரை. பனியில் அதை என் பக்கத்தில் வைத்தான். “இருங்கோ மாமா. எனக்குப் பாக்கேலாமல் கிடக்கு.”

என் கால் அந்தக் கதிரையைக் கேட்டது, பொய் சொல்லமாட்டேன். ரீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன சொல்லவேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை.

“இது எனக்கில்லை, தம்பி. உள்ளுக்குக் கொண்டுபோய் வை” என்றேன்.

கதிரையின் முதுகைப் பிடித்தபடி அவன் நின்றான். மெத்தையில் பனி விழுந்தது.  பிறகு அதைத் தூக்கித் தன் சட்டைக் கையால் துடைத்தான். உள்ளே போனான். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். புஷ்பத்துக்குப் பின்னால் வைத்தான்.

எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. ரீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார். போனில் அழைத்து மற்றவர்களையும் வரச்சொன்னார். வந்தவர்களிடம் சொன்னார்: “இப்ப எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ. வெண்ட ஆக்கள் மாதிரிப் போகாதேங்கோ. சாமான் தேவைப்பட்ட ஆக்கள் மாதிரிப் போங்கோ.”

நான் விளைமீன் வாங்கினேன். புஷ்பம் ஒவ்வொருவருக்கும் பழக்கத்தில் எழும்பி எழும்பி நின்றாள். “இரும் பிள்ளை” என்றேன். இருந்தாள். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அவளுக்கு ஐந்து நாளும் வேலை கிடைத்தது.

மற்றச் செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிய, ரீச்சர் என்னைப் பிளாசாக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். அந்த அட்டையை மேசையில் வைத்தார். “வெறும் அட்டையை நாப்பது நாள் சுமந்திருக்கிறியள். என்ன சுமந்தனீங்கள் எண்டு வாசிக்கவேண்டாமோ?” என்றார். நான் முதலில் கற்ற சொல் கதிரை. இரண்டு வருடம் படிப்பித்தார். என் ‘ற’வைப் பார்த்துக் கோழி கிண்டின மாதிரி என்பார். ‘ஞ’ எனக்கு ஒரு கிழமை எடுத்தது. சரியாக வந்த அன்று நான் அதைக் கோப்பிக் கடைக் கடதாசியெல்லாம் எழுதித் தீர்த்தேன். ரீச்சர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கடதாசிகளைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ரீச்சரின் உடலைப் பார்வைக்கு வைத்த நாளில் வாசலில் பெயரெழுதும் கொப்பி இருந்தது. இத்தனை வருடமும் எல்லா மரணவீட்டிலும் நான் அந்தக் கொப்பியைக் காணாதவன்போலக் கடந்துபோனவன். இந்த முறை நின்றேன். பேனையை எடுத்தேன். முதல் எழுத்தை யோசித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நேசன் எங்கிருந்தோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து, “இருந்து எழுதுங்கோ மாமா, ஆக்கள் நிப்பினம்” என்றான்.

இருந்து எழுதினேன். என் பெயரை எழுதி, கீழே ‘வணக்கம் ரீச்சர்’ என்று எழுதினேன். எழுதி முடியும்வரை அவ்வளவு பேரும் நின்றார்கள். 

அந்த அட்டை இப்போதும் எங்கள் வீட்டுக் கராஜில், நேசனின் பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எறியச் சொல்லி அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நான் ரீச்சரிடமிருந்து எடுத்து வைத்திருப்பது அதுவல்ல. இந்தப் பக்கங்களை எழுதப் பதினொரு நாட்கள் எடுத்தன. கண் எரிகிறது, விரல் நோகிறது, இந்த வயதில் எல்லாமே அலுப்பாக இருக்கிறது. முந்தி அலுத்தால் விட்டுவிடுவேன். இப்போது அலுப்போடேயே அடுத்த எழுத்தை எழுதுகிறேன்.